புயல் கரையைக் கடந்த பிறகு

2021 நவம்பர் 19 அதிகாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தது. அது புயலாக வளரவில்லை என்பதால் அதற்குப் பெயரும் இல்லை. கரையைக் கடந்துவிட்டது என்ற செய்தி வந்ததும் சென்னைவாசிகள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். அதே விடியலில், கடலே கண்ணில் படாத தொலைவில், கடப்பா மாவட்டம் ராஜம்பேட்டைக்கு அருகே செய்யேறு ஆற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்தது. அன்று கார்த்திகைப் பௌர்ணமி. ஆற்றங்கரைச் சிவன் கோயிலில் விளக்கேற்ற வந்தவர்களைத் தண்ணீர் வாரிக்கொண்டு போனது. அரசுப் பேருந்துகள் நடுவழியில் வெள்ளத்தில் சிக்கின. புலபத்தூர், மந்தபள்ளி, தொகுருபேட்டை போன்ற ஊர்களில் வீடுகள் இருந்த இடத்தில் மணல்மேடுதான் மிஞ்சியது. அந்த மழைச்சுற்றில் ஆந்திரத்தில் மட்டும் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எல்லைக்கு இந்தப் பக்கம் வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில், அதே நாள் காலையில் வீட்டுச் சுவர் இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தனர்.

நவம்பர் 19 என்பது ஆந்திர மக்களால் மறக்க முடியாத தேதி. 1977-ல் அதே நாளில்தான் கிருஷ்ணா மாவட்டத்து திவிசீமையைப் புயல் தாக்கியது. கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. 10,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குப் பிறகு அந்தக் கரையோரத்தில் புயல் காப்பகங்கள் எழுந்தன, ராடார்கள் வந்தன, மக்களை முன்கூட்டியே வெளியேற்றும் பழக்கம் நிர்வாகத்துக்குப் படிந்தது. 2014-ல் விசாகப்பட்டினத்தையே உலுக்கிய ஹூட்ஹூட் புயலின்போது, பழைய கணக்கில் ஆயிரக்கணக்கில் போயிருக்க வேண்டிய உயிர்கள் காப்பாற்றப்பட்டன. இந்தியாவின் வானிலைத் துறையும் பேரிடர் மேலாண்மை அமைப்புகளும் பெருமைப்பட வேண்டிய சாதனை அது.

ஆனால், அந்தச் சாதனை கடற்கரையோடு நின்றுவிட்டது. திருப்பதியும் சித்தூரும் இருக்கும் மலையடிவார நாட்டில் ஆபத்து வருகிற வழி வேறு, வருகிற நேரம் வேறு. எச்சரிக்கை மட்டும் இன்னும் கடற்கரைக்காகத் தைத்த சட்டையாகவே இருக்கிறது.

2021 நவம்பர் 18 அன்று திருமலையில் நடந்ததைப் பலரும் கைபேசிக் காணொளிகளில் பார்த்திருப்பார்கள். அலிபிரி நடைபாதையின் படிக்கட்டுகளில் நீர்வீழ்ச்சி மாதிரி தண்ணீர் கொட்டியது. ஸ்ரீவாரி மெட்டுப் பாதை சிதைந்து, மறுபடி பக்தர்களுக்குத் திறக்க 2022 மே மாதம் ஆனது. மலைப்பாதைகள் இரண்டும் மூடப்பட்டன. கீழே திருப்பதி நகரத்தில் சாலைகள் ஓடைகளாயின. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணலாகக் கிடக்கும் சுவர்ணமுகி ஆறு, திருச்சானூர் பக்கம் கரையை அரித்துக்கொண்டு ஓடியதில் ஒரு வீடு அப்படியே ஆற்றுக்குள் சாய்ந்தது. மழை நின்ற பிறகும் மலை அடங்கவில்லை. டிசம்பர் 1 அன்று மேலே ஏறும் மலைப்பாதையில் பாறைகள் உருண்டு விழுந்து சாலையைப் பெயர்த்தன. ஊறிப்போன மலைச்சரிவுக்கு மழை நின்ற செய்தி தெரியாது.

இதன் இயக்கம் புரியாத புதிர் ஒன்றும் இல்லை. வங்கக் கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு கிழக்கிலிருந்து வரும் காற்றை, சேஷாசலம் மலைத்தொடர் எதிரே நின்று மறிக்கிறது. காற்று மலைமேல் ஏறுகிறது, ஏறும்போது குளிர்கிறது, குளிர்ந்ததும் சுமையை இறக்கிவிடுகிறது. கடற்கரையில் காற்றின் வேகம் குறைந்திருக்கலாம். ஆனால், ஈரம் குறைந்துவிடவில்லை. 2020 நவம்பரில் புதுச்சேரிக்கு அருகே கரையேறிய நிவர் புயலும் இப்படித்தான், கடலூரையும் புதுவையையும் நாம் பயந்த அளவுக்குப் பாதிக்காமல் வந்து, சித்தூர், நெல்லூர், கடப்பா மாவட்டங்களில் மழையைக் கொட்டிவிட்டுப் போனது. வலுவிழந்து விட்டது என்று நாம் தொலைக்காட்சியை அணைக்கும் நேரத்தில்தான் அங்கே ஏரிகள் நிரம்பத் தொடங்குகின்றன.

நம்முடைய புயல் வகைப்பாடு முழுக்கக் காற்றின் வேகத்தை வைத்தே அமைந்திருக்கிறது. மணிக்கு 31 முதல் 50 கிலோமீட்டர் வரை காற்று வீசினால் தாழ்வு மண்டலம். 62 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அதைத் தாண்டினால்தான் புயல், அப்போதுதான் பெயர். கப்பல்காரர்களுக்கும் மீனவர்களுக்கும் இந்த அளவுகோல் மிகச் சரியானது. கூரை பறக்குமா, மரம் சாயுமா என்று தெரிந்துகொள்ளவும் சரிதான். ஆனால், ஏரிக்கரைக்குக் கீழே குடியிருப்பவருக்கு அது எதையுமே சொல்வதில்லை. பெயர் வைத்த புயல் வந்தால் பள்ளிக்கு விடுமுறை, ரயில் ரத்து, முதல்வரின் ஆய்வுக் கூட்டம் என்று அரசு முழுக்க விழித்துக்கொள்கிறது. பெயரில்லாத தாழ்வு மண்டலத்துக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. 2021-ல் ராயலசீமைக்கு வந்தது இந்த இரண்டாம் ரகம். வானிலைத் துறை கனமழை எச்சரிக்கை தரவே செய்தது. 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடும் என்றால் சிவப்பு என்ற கணக்கு அவர்களிடம் இருக்கிறது. அந்தச் சிவப்பு, எந்த ஏரி, எந்தத் தெரு, எத்தனை மணி என்று மாறாமலேயே ஊர்வாசலில் நின்றுவிடுகிறது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறம் என்பதிலும் பொருளில்லை. பழைய சித்தூர் மாவட்டத்தில் மேற்கே குப்பத்தில் பெய்வது ஒரு மழை; கிழக்கே நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் பெய்வது முற்றிலும் வேறு மழை.

வானத்தைப் பார்க்கும் ஊர்

மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. வானத்தைப் படிப்பதற்கான வசதிகளில் இந்தியாவிலேயே இந்த வட்டாரத்துக்கு இணையானவை குறைவு. திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில், பாகாலாவுக்கு அருகே காதங்கி என்ற கிராமம் இருக்கிறது. 1,024 ஆன்டெனாக்கள் வரிசை கட்டி நிற்கும் பெரிய வளிமண்டல ராடார் அங்கே இருக்கிறது. விண்வெளித் துறையின் கீழ் இயங்கும் தேசிய வளிமண்டல ஆய்வகத்தினுடையது அது. தலைக்கு மேலே இருபது கிலோமீட்டர் உயரத்துக்கும் அப்பால் காற்று எப்படி நகர்கிறது என்று 53 மெகாஹெர்ட்ஸ் அலையில் அளக்கிறார்கள். உலகெங்கிலும் இருந்து ஆய்வாளர்கள் தேடி வரும் இடம்.

அதே வட்டாரத்தின் கிழக்கு ஓரத்தில் ஸ்ரீஹரிகோட்டா. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது சூளூர்ப்பேட்டை, தடா, பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியோடு ஸ்ரீஹரிகோட்டாவும் புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது. வங்கக் கடலின் மேகங்களை நமக்குப் படம்பிடித்துத் தரும் இன்சாட்-3டிஆர் 2016-லும், இன்சாட்-3டிஎஸ் 2024-லும் அங்கிருந்துதான் ஏவப்பட்டன. டாப்ளர் ராடார் ஒன்றும் அங்கே சுழன்றுகொண்டிருக்கிறது.

காதங்கி ராடார் ஆய்வுக் கருவி. அது வெள்ள எச்சரிக்கை தரவில்லையே என்று குறை சொல்வது நியாயமாகாது. செயற்கைக்கோள்களும் தம் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. முன்னறிவிப்பு கடந்த இருபது ஆண்டுகளில் எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது. மழை வரும் என்று 2021-ல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வானத்திலிருந்து மாவட்டத் தலைநகர் வரைக்கும் செய்தி சரியாக வந்தது. அங்கிருந்து மதகுக்கும், மதகிலிருந்து வீட்டுவாசலுக்கும் போகிற கடைசிச் சில மைல்களில்தான் அது தொலைந்தது.

அன்னமய்யா அணையின் கதை அதைத்தான் சொல்கிறது. அந்த அணைக்கு ஐந்து மதகுகள். அவற்றில் ஒன்று இயங்கவில்லை. மத்திய ஜல்சக்தி அமைச்சரே அதை நாடாளுமன்றத்தில் குறிப்பிட்டார். மேலே பிஞ்சா அணையின் கரை உடைந்து வந்த தண்ணீரும் சேர்ந்துகொண்டது. வடிவமைக்கப்பட்ட அளவைவிட மிக அதிகமான வெள்ளம் வந்தது என்று மாநில அரசு சொன்னது. அதுவும் உண்மையாக இருக்கலாம். வெள்ளம் அணையின் தாங்குதிறனை மிஞ்சப்போகிறது என்ற செய்தி, இரவு முழுவதும் கரையோர ஊர்களுக்கு அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்ததா என்பதுதான் கேள்வி. பக்தர்கள் ஆற்றங்கரைக் கோயிலில் இருந்திருக்கிறார்கள், பேருந்துகள் ஆற்றோரச் சாலையில் இருந்திருக்கின்றன என்பதே அதற்கான விடை.

இரண்டு நாள் கழித்து வேறொரு கதை நடந்தது. திருப்பதிக்கு அருகே ராமச்சந்திராபுரம் மண்டலத்தில் ராயலசெருவு என்ற பெரிய ஏரி இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று சொல்வார்கள். நவம்பர் 21 அன்று அதன் கரையில் கசிவு தெரிந்தது. இம்முறை செய்தி ஓடியது. கீழே இருந்த ஊர்கள் காலி செய்யப்பட்டன. சிலர் மேட்டுக்கும் குன்றுக்கும் ஏறிக்கொண்டார்கள். மணல் மூட்டைகள் அடுக்கிக் கரையைத் தாங்கிப் பிடித்தார்கள். ஏரி உடையவில்லை. ராஜம்பேட்டையில் அத்தனை உயிர் போன செய்தி அப்போது எல்லோர் காதிலும் ஒலித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் ராயலசெருவில் எல்லோரும் நகர்ந்தார்கள். ஒவ்வொரு முறையும் பக்கத்து ஊரில் சாவு விழுந்துதான் அடுத்த ஊர் தப்பிக்க வேண்டுமா? அந்தப் பதற்றமும் ஆண்டுக்கணக்கில் நிலைக்கவில்லை. 2025 நவம்பரில் அதே திருப்பதி மாவட்டத்தின் கே.வி.பி.புரம் மண்டலத்தில் ஓர் ஏரி உடைந்து களத்தூர் கிராமத்துக்குள் வெள்ளம் பாய்ந்தது. மாடுகளும் ஆடுகளும் பலியாகின.

ஏரிகளைப் பற்றிப் பேசும்போது கரைக்காவலரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நம் பக்கத்தில் நீர்க்கட்டி என்பார்கள். பொதுப்பணித் துறைக் கணக்கில் லஸ்கர். மழைக்காலத்தில் இரவில் விளக்கோடு கரைமேல் நடந்து, எங்கே ஊற்றுக் கிளம்புகிறது, எந்த மரத்தின் வேர் கரையைப் பிளக்கிறது, கலங்கலில் எத்தனை அடி தண்ணீர் போகிறது என்று பார்ப்பது அவர் வேலை. ஆயக்கட்டு விவசாயிகள் அறுவடையில் அவருக்கு நெல் அளந்தார்கள். ஏரிப் பாசனம் போய் ஆழ்துளைக் கிணறு வந்ததும் அந்த நெல் நின்றது, வேலையும் நின்றது. அரசுப் பணியிடங்கள் காலியாகவே கிடக்கின்றன. ஒருவர் பல ஏரிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏரிக்குள் இருக்கும் நீரின் உயரத்தைத் தானாக அளந்து அனுப்பும் கருவிகள் இப்போது மலிவாகவே கிடைக்கின்றன, அவற்றை வைக்கத்தான் வேண்டும். கரையில் ஒரு நண்டு வளையிலிருந்து கலங்கிய தண்ணீர் கொப்பளிப்பதைப் பார்த்துப் பயப்படுவதற்கு மட்டும் மனிதக் கண்தான் வேண்டும்.

கேட்டவர் ஏன் ஓடுவதில்லை

எச்சரிக்கை கேட்ட உடனே மக்கள் ஓடிவிடுவார்கள் என்று அதிகாரிகள் நினைப்பதுண்டு. அல்லது, சொன்னால் பீதியடைந்து தாறுமாறாக ஓடுவார்கள் என்று பயந்து சொல்லாமலேயே விட்டுவிடுவதுண்டு. இரண்டுமே தவறு என்பதற்கு அமெரிக்காவின் டொர்னாடோ வரலாறு சாட்சி.

அந்தச் சுழல்காற்று நம் பக்கத்துக்கு அபூர்வம். அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 1978 மார்ச்சில் டெல்லியில் அடித்தது. 1998 மார்ச்சில் ஒடிசா-மேற்கு வங்க எல்லையில் பெரும் உயிர்ச்சேதம் ஏற்படுத்தியது. 2024 மார்ச் 31 அன்று ஜல்பாய்குரி மாவட்டம் மைனாகுரியில் சில நிமிடங்களில் வீடுகளைப் பிய்த்தெறிந்தது. அமெரிக்காவிலோ அது ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் வருகிறது. இருந்தும் ஒரு காலத்தில் அங்கே வானிலை அறிக்கையில் டொர்னாடோ என்று குறிப்பிடுவதையே அரசு தவிர்த்து வந்தது, மக்கள் மிரண்டுவிடுவார்கள் என்று. 1948 மார்ச் 25 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு அதிகாரிகள் துணிந்து முதல் முன்னறிவிப்பைத் தந்தார்கள். விமானங்களைக் கட்டி வைத்தார்கள். அன்று மாலையே காற்று வந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அதன்பிறகுதான் அந்தத் தயக்கம் உடையத் தொடங்கியது.

அங்கிருந்து 2011 மே 22-க்கு வருவோம். மிசூரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரம். ராடார் இருந்தது, சைரன் இருந்தது, தொலைக்காட்சி எச்சரிக்கை இருந்தது. ஆனாலும் 150-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிறகு நடந்த அரசு ஆய்வில் தெரிந்த உண்மை: முதல் சைரனைக் கேட்டவுடன் பெரும்பாலோர் பதுங்கவில்லை. வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள், தொலைக்காட்சியைப் போட்டார்கள், பக்கத்து வீட்டைக் கேட்டார்கள். அடிக்கடி ஒலித்து ஒன்றும் நடக்காமல் போன சைரன் அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. இரண்டாவதாக ஒரு நம்பகமான குரல் உறுதிப்படுத்திய பிறகே கால் நகர்ந்தது.

சித்தூர் விவசாயி இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார். மேகம் கறுத்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட முடியாது. மாடு இருக்கிறது, நெல் இருக்கிறது, படுக்கையில் வயதான அம்மா இருக்கிறார். கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தால் அதை நம்பி இவ்வளவையும் விட்டுவிடுவது எளிதா? 2023-ல் நம் கைபேசிகளில் எல்லாம் ஒரே நேரத்தில் அபாய ஒலி எழுப்பி மத்திய அரசு சோதித்துப் பார்த்ததே, அந்தத் தொழில்நுட்பம் நல்லதுதான். குறிப்பிட்ட கோபுரங்களின் எல்லைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்ப அதனால் முடியும். ஆனால், மழை இரவில் முதலில் போவது மின்சாரம். அடுத்து போவது கோபுரத்தின் பேட்டரி. அதற்கடுத்து கைபேசியின் சார்ஜ். எனவே இரண்டாவது குரல் மனிதக் குரலாகவே இருக்க வேண்டியிருக்கிறது.

முன்பு தண்டோரா இருந்தது. அந்த வேலை ஒரே சமூகத்தின் தோளில் இழிவோடு ஏற்றப்பட்டிருந்தது. 2022-ல் தமிழக அரசு அதைத் தடை செய்தது முழுக்கச் சரி. திரும்பி வரவே கூடாது. ஆனால், அரசின் செய்தி தெருத்தெருவாக நடந்து வந்தது என்ற ஒரு விஷயத்தை நாம் வேறு வடிவில் மீட்டாக வேண்டும். ஆந்திரத்தில் 2019-ல் ஐம்பது வீட்டுக்கு ஒரு தன்னார்வலர் என்று நியமித்தார்கள். அந்த ஏற்பாட்டைப் பற்றிக் கடுமையான அரசியல் சர்ச்சைகள் எழுந்தன. 2024 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அது செயல்பாட்டில் இல்லை. அதன் அரசியலைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும், ஐம்பது வீடுகளில் எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்று அறிந்த ஒருவர் வெள்ள இரவில் கதவைத் தட்டுவதற்கு ஈடாக எந்தச் செயலியும் வர முடியாது. கிராமச் செயலகங்கள் இன்னும் இருக்கின்றன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஊர்தோறும் இருக்கின்றன. வேலையைக் கையில் கொடுத்து, பயிற்சியும் சம்பளமும் கொடுப்பதுதான் பாக்கி.

நிமிடங்களில் முடிந்துவிடும் ஆபத்துக்கும் இதுவே பொருந்தும். ஏப்ரல், மே மாதங்களில் சித்தூர் மாந்தோப்புகளில் இடியோடு சூறைக்காற்று வந்தால், கூழ் ஆலைக்குப் போக வேண்டிய கிளிமூக்கு மாங்காய் ஒரே மாலையில் தரையில் கிடக்கும். உதிர்ந்த காய்க்கு வியாபாரி சொல்வதே விலை. மின்னல் அதைவிடக் கொடியது. 2018 ஏப்ரல் 24 அன்று ஆந்திரத்தில் 13 மணி நேரத்தில் 36,749 மின்னல்கள் விழுந்ததாக மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பதிவு செய்தது. மின்னலை அரை மணி நேரத்துக்கு முன் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. அவற்றை நாம் வைத்திருக்கும் இடம் நகரத்துக் கைபேசி. மின்னல் தேடிப்போகும் ஆள் மரத்தடியில் ஒதுங்கிய ஆடு மேய்ப்பவர்.

வந்து போகிறவர்கள்

திருப்பதிக்கு இன்னொரு தனிச்சிக்கல். அங்கே ஒவ்வொரு நாளும் அறுபதாயிரம், எழுபதாயிரம் பேர் புதிதாக வந்து இறங்குகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் நம் ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள், பாதயாத்திரையாகவும் போகிறார்கள். அவர்களுக்கு எந்தச் சாலை பள்ளம், எந்த ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் என்று தெரியாது. 2021 அக்டோபரில் கர்நாடகத்திலிருந்து தரிசனத்துக்கு வந்த குடும்பத்தின் வாகனம் திருப்பதி நகர ரயில்வே பாலத்தின் அடியில் மழைநீரில் மூழ்கி, புதிதாக மணமான பெண் ஒருவர் உயிரிழந்தார். உள்ளூர்க்காரர் யாரும் அந்த இரவில் அந்தச் சுரங்கத்துக்குள் வண்டியை விட்டிருக்க மாட்டார்.

தரிசன டிக்கெட்டை மூன்று மாதத்துக்கு முன்பே முன்பதிவு செய்தவர், மழைக்குப் பயந்து பயணத்தைத் தள்ளிப்போட மாட்டார். தள்ளிப்போட்டால் டிக்கெட் போய்விடும். 2021 நவம்பர் வெள்ளத்தால் வர முடியாதவர்களுக்குப் பின்னொரு நாளில் தரிசனம் தருவதாகத் தேவஸ்தானம் அறிவித்தது நல்ல முன்னுதாரணம். சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றே அது தானாக நடைமுறைக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பல பேருந்துகள் காட்பாடியிலேயே, திருத்தணியிலேயே திரும்பிவிடும். திருமலையில் தொலைந்தவர்களைத் தேடும் ஒலிபெருக்கி தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் பேசுகிறது. அலிபிரியிலும் ரேணிகுண்டா ரயில் நிலையத்திலும் வெள்ள எச்சரிக்கையும் அத்தனை மொழிகளிலும் பேசட்டும்.

தண்ணீர் நம்மிடம்தான் வருகிறது என்பதைத் தமிழ்நாட்டில் இருக்கும் நாம் பல நேரம் மறந்துவிடுகிறோம். பிச்சாட்டூரில் ஆரணி ஆற்றின் அணை திறந்தால் ஊத்துக்கோட்டைக்கு வெள்ளம். நகரிக்கு மேலே அம்மபள்ளி அணை திறந்தால் அது கொசஸ்தலை ஆற்றில் இறங்கிப் பூண்டிக்கு வருகிறது. சித்தூர் பக்கத்துக் கலவகுண்டா அணை திறந்தால் பொன்னை ஆறு வழியாகப் பாலாற்றுக்கு. 1960-ல் திருத்தணி இந்தப் பக்கமும் சித்தூர் அந்தப் பக்கமும் என்று எல்லை வகுத்தபோது ஆறுகளை யாரும் கேட்கவில்லை. 1903 நவம்பர் 12 இரவு, மேலே மைசூர்ப் பகுதியில் ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியில் 200-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் நினைவுத்தூண் இன்றும் அங்கே நிற்கிறது. மேலே என்ன உடைந்தது என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரிய அன்று வழியே இல்லை. இன்று வழி உண்டு. ஆனாலும், சித்தூர் அதிகாரி வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் திருவள்ளூருக்கும் தொலைபேசியில் சொல்ல, அங்கிருந்து வட்டாட்சியர், அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலர் என்று படிப்படியாக இறங்கும் செய்தியைவிடத் தண்ணீர் வேகமாக வந்துவிடும் இரவுகள் உண்டு.

அன்னமய்யா அணை உடைந்த அடுத்த மாதமே, 2021 டிசம்பரில், அணைப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஒவ்வோர் அணைக்கும் அவசரகாலச் செயல்திட்டம் வேண்டும் என்றும், ஏற்கெனவே கட்டிய அணைகளுக்கு அதை ஐந்தாண்டுக்குள் தயாரிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அந்தக் கெடு 2026 டிசம்பரோடு முடிகிறது. சட்டம் பெரிதும் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கானது. சில நிபந்தனைகளோடு 10 மீட்டர் வரை இறங்குகிறது. ராயலசீமையிலும் தொண்டை மண்டலத்திலும் கிடக்கும் ஆயிரக்கணக்கான மண்கரை ஏரிகளில் பெரும்பாலானவை அதற்குள் வருவதே இல்லை. களத்தூருக்குள் வெள்ளத்தை விட்டது அப்படி ஓர் ஏரிதான். ஆந்திரமும் தமிழகமும் தங்கள் விதிகளில் ஏரிகளைச் சேர்த்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஐப்பசி பிறப்பதற்கு முன், ஓர் இரவில், மழையில்லாத ஓர் இரவில், பிச்சாட்டூர் மதகிலிருந்து ஒரு பொய் வெள்ளத்தை அறிவித்துப் பார்க்கலாம். மின்சாரம் இல்லை, கைபேசி கோபுரம் இல்லை என்று வைத்துக்கொண்டு, அந்தச் செய்தி ஊத்துக்கோட்டையில் ஆற்றோரக் கடைசி வீட்டின் கதவைத் தட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று இரண்டு மாநில ஆட்சியர்களும் கடிகாரத்தோடு நின்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தைத் தண்ணீர் வந்து சேரும் நேரத்தோடு ஒப்பிட்டு, இரண்டையும் மக்கள் முன் வெளியிட வேண்டும்.